தறிச் சத்தமும் மலைப் பனியும்: வீட்டுக்கு எந்த கண்டன்சர் மைக்?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வீட்டிலேயே பாட்டோ பேச்சோ பதிவு செய்ய எந்த கண்டன்சர் மைக் (மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய சவ்வால் ஒலியைப் பிடிக்கும் வகை) வாங்கலாம்? "விளக்கம் வேண்டாம், மாடல் பெயர் மட்டும் சொல்லுங்கள்" என்றுகூட ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் சொல்கிறேன், ஆனால் சேலம் அம்மாபேட்டைக்குச் சொல்லும் பெயரை ஏற்காட்டு நாகலூருக்கு அப்படியே சொல்ல முடியாது. சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம்தான், மைக்கைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு உலகம்.

கேள்வி: அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். கீர்த்தனைகளைப் பாடிப் பதிவு செய்து அவர்களுக்கு அனுப்ப ஆசை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் விசைத்தறி ஓடுகிறது. கடையில் "கண்டன்சர்தான் குரலுக்கு நல்லது" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் "கண்டன்சர் வாங்கினால் தறிதான் கேட்கும், டைனமிக் வாங்குங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது, அம்மா. கண்டன்சர் தூரத்துச் சத்தத்தை எல்லாம் இழுத்துவிடும், டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை) பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். எது குரல், எது தறி என்று பிரித்துப் பார்க்க எந்த மைக்குக்கும் தெரியாது. கார்டியாய்டு வகை (முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவும் எடுக்கும் வகை) டைனமிக் ஒன்றையும் கார்டியாய்டு கண்டன்சர் ஒன்றையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, இரண்டிலும் குரல் ஒரே அளவில் விழும்படி கெயினை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அளவை) சரிசெய்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், தறிச் சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை நாம் உதட்டை ஒட்டி வைத்துப் பாடுகிறோம், கண்டன்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம். அந்தத் தூரம்தான் பின்சத்தத்தைக் கூட்டுகிறது, பழி மட்டும் கண்டன்சர் மேல் விழுகிறது.

தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். சுவர் வழியாக வரும் தறி அப்படியேதான் இருக்கும். 30 செ.மீ.யில் வைத்திருக்கும் மைக்கை 15 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள், இதற்குச் செலவே இல்லை. அதற்கும் உள்ளே போகாதீர்கள், ஏனென்றால் கார்டியாய்டு மைக்கில் நெருங்க நெருங்க அடித்தொனி தடிக்கும், பாடும்போது தலை லேசாக அசைந்தாலே குரலின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டில் மூழ்கும்போது தலை அசையாமல் இருக்காது, அசையவும் வேண்டும். பாப் ஃபில்டரை (மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலையை) மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் 15 செ.மீ. அடையாளமாக நிறுத்திவிட்டால், அதைத் தாண்டி முன்னால் போக மாட்டீர்கள்.

அடுத்தது எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்பது. கார்டியாய்டு மைக் தனக்கு நேர் பின்னால் வரும் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். ஆகவே மைக்கின் முதுகு தறிச் சுவரைப் பார்க்கட்டும், அதாவது நீங்கள் அந்தச் சுவரைப் பார்த்தபடி பாட வேண்டும். பலரும் தறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார்கள், அப்போது மைக்கின் வாய் நேராகத் தறியை நோக்கித் திறந்திருக்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிறுத்தி வையுங்கள், அல்லது கெட்டியான ஜமக்காளத்தை இரண்டு மூன்று மடிப்பாகத் தொங்கவிடுங்கள். மைக் பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான், அதனால் எதிரொலியை அங்கேதான் அடக்க வேண்டும். புடவையை ஒற்றையாகத் தொங்கவிட்டால் மேல் ஸ்தாயி எதிரொலி மட்டும் கொஞ்சம் அடங்கும், கீழ்த்தொனி போகாது. முட்டை அட்டையை ஒட்டுவது வீண் வேலை.

தறியில் இன்னொரு தொல்லை, அது தரை வழியாகவும் அதிர்கிறது. மைக் ஸ்டாண்டின் கீழே மடித்த ஜமக்காளம், மைக்குக்கு ரப்பர் இழுவையில் தொங்கும் ஷாக் மவுண்ட், இரண்டும் வேண்டும். மைக்கில் லோ கட் (அடித்தொனியை வெட்டும்) சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரல் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 5 கட்டைச் சுருதியில் பாடுகிறீர்கள் என்றால் உங்கள் ஸட்ஜமம் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம்கூட 147 பக்கம்தான். 1 கட்டையில் பாடும் ஆண் குரலுக்கே மந்திர பஞ்சமம் 98-இல் இருக்கிறது. வெட்டுப்படுவது தறியின் உறுமல், உங்கள் பாட்டு இல்லை.

இவ்வளவு செய்த பிறகும் ஓடும் தறியை எந்த மைக்கும் மறைத்துவிடாது. அதனால் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது மைக்கைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள் அல்லவா, அந்த நாளைக் குறித்து வையுங்கள். தறி நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், தெருவில் இருக்கும் மோட்டார் எல்லாம் நிற்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரியான சின்ன இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் பேண்டம் பவரையும் (மைக் ஒயர் வழியாகவே போகும் மின்சாரம்) அதிலிருந்தே கொடுத்துவிடும். ஒரு மாதத்துக்கான பாடங்களை அந்தப் பகலிலேயே பாடி வைத்துவிடலாம். யாராவது ஜெனரேட்டர் போட்டுவிட்டால் மட்டும் சிரமம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் பதிவே வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, மாடல். உங்களுக்கு ஆடியோ டெக்னிக்கா ஏடி2035 என்பேன். லோ கட் சுவிட்ச் அதிலேயே இருக்கிறது, ஷாக் மவுண்ட் பெட்டியோடு வருகிறது, உங்கள் இரண்டு தேவையும் தீர்ந்தது. அதன் தம்பியான ஏடி2020 விலை குறைவு, ஆனால் அந்த இரண்டும் அதில் இல்லை. இதைவிட விலை கூடிய, இரைச்சல் குறைந்த மைக்குக்குப் பணம் போடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன். எங்கள் மலையில் வயதானவர்கள் பாடும் பாட்டுகளையும் சொல்லும் கதைகளையும் பதிவு செய்து வைக்கிறேன். இரண்டு பிரச்சினை. அவர்கள் மெதுவாகப் பேசும்போது பின்னால் "ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சல். மழைக்காலம் வந்தால் மைக்கிலிருந்து பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம். மைக் கெட்டுவிட்டதா? புதிதாக எது வாங்கலாம்?

பதில்: முதலில் உங்கள் வேலைக்கு என் வணக்கம். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டிய பதிவுகள் இவை, மைக்குக்காக ஒரு மாதம்கூடத் தள்ளிப் போடாதீர்கள், இருப்பதை வைத்தே எடுத்துக்கொண்டிருங்கள்.

"ஸ்ஸ்" என்று வருவது மைக்கின் சொந்த இரைச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு கண்டன்சர் மைக்கின் விவரக் குறிப்பிலும் செல்ஃப் நாய்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அறையில் ஒன்றுமே ஒலிக்காதபோதும் மைக் தானாக எவ்வளவு இரைகிறது என்பதுதான் அது. ஏடி2020-க்கு 20 டெசிபல், ஏடி2035-க்கு 12, ரோடு என்டி1-ஏ மாடலுக்கு 5, ஐந்தாம் தலைமுறை ரோடு என்டி1-க்கு 4. கடைக்காரர்கள் 4 என்பதைக் காட்டித்தான் எல்லோருக்கும் விற்கிறார்கள். அம்மாபேட்டையில் பகல் நேரத்து அறையின் சத்தம் சாதாரணமாக 40 டெசிபலைத் தாண்டும். அதில் 20 டெசிபல் இரைச்சலைச் சேர்த்தால் சக்தியில் அது நூற்றில் ஒரு பங்கு, யார் காதுக்கும் தெரியாது. அங்கே 4-க்குப் பணம் கொடுப்பது வீண். உங்கள் ஊரில் கதவைச் சாத்திய அறையில், மழையும் காற்றும் இல்லாத இரவில், அறையே 25 டெசிபலுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அங்கே ஒரு பாட்டி மெல்லிய குரலில் பேச, நீங்கள் கெயினை ஏற்றிக்கொண்டே போனால் மைக்கின் இரைச்சல் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த 4 யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் நீங்கள்தான்.

பெரியவர்களிடம் மைக்கை முகத்துக்கு நேரே நீட்டினால் பேச்சு நின்றுவிடும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கொஞ்சம் தாழ்த்தி, மார்பு உயரத்தில், வாயை நோக்கிச் சாய்த்து 30, 40 செ.மீ. தள்ளி வையுங்கள். இவ்வளவு தள்ளி வைக்க முடிவதே இரைச்சல் குறைந்த மைக்கினால்தான். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டைப் பங்கிட்டுப் பாடுவார்கள் என்றால் ரோடு என்டி2-ஏ பாருங்கள். அதில் எடுக்கும் திசையை மாற்றும் சுவிட்ச் உண்டு, எட்டு வடிவத்துக்கு மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி எடுக்கும், பக்கவாட்டில் எடுக்காது. செல்ஃப் நாய்ஸ் 7 டெசிபல். ஒருவர் குரல் மட்டும் என்றால் என்டி1 போதும்.

இனி பொரிகிற சத்தம். மைக் கெட்டுப் போகவில்லை, ஈரம் ஏறியிருக்கிறது. கண்டன்சர் மைக்கின் உள்ளே சில மைக்ரான் தடிமனில் தங்கம் பூசிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவில் மின்னூட்டம் தங்கியிருக்க வேண்டும், சவ்வு அதிரும்போது இடைவெளி மாறி மின்னழுத்தம் கூடிக் குறைவதுதான் நமக்கு ஒலியாக வருகிறது. இந்த மின்னூட்டம் கசியாமல் இருக்க 100 கோடி ஓம் அளவுக்கு மின்தடை வைத்திருப்பார்கள். தூசி படிந்த காப்சூலில் (சவ்வும் தகடும் சேர்ந்த பகுதியில்) பனி ஈரம் பட்டதும் அந்த ஈரமே ஒரு கசிவுப் பாதை ஆகிவிடும். தொட்டியின் ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகுகிற மாதிரி மின்னூட்டம் விட்டுவிட்டு ஒழுகும், ஒவ்வொரு சொட்டும் ஒரு "பட்". 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

காய வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாய் இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு மைக்கை ஓரிரு நாள் வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மிதமான சூட்டில் காய வைத்து மறுபடியும் பயன்படுத்தலாம். பதிவு முடிந்ததும் மைக் ஸ்டாண்டிலேயே இரவெல்லாம் நிற்கக் கூடாது, டப்பாவுக்குள் போய்விட வேண்டும். பஞ்சு உறை போட்டிருந்தால் அதைத் தனியாகக் காய வையுங்கள், மூச்சின் ஈரம் முழுக்க அதில்தான் இருக்கும். ஹேர் டிரையர் வைத்து ஊதுவது, வலையைக் கழற்றித் துடைப்பது இரண்டும் கூடவே கூடாது, சவ்வு போய்விட்டால் போனதுதான்.

குளிர்ந்த மைக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினால், இறங்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் கீழே உள்ள வெப்பமான காற்றின் ஈரம் அப்படியே படியும். ஒரு மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும்.

பனியில், காட்டில், ராத்திரி முழுக்க வெளியே வைத்துப் பதிவு செய்பவர்கள் சென்ஹைசர் எம்கேஎச் வரிசையைத் தேடுவதற்கு இதுதான் காரணம். அவற்றில் காப்சூலை வேறு முறையில், உயர் அதிர்வெண் மின்சுற்றால் இயக்குகிறார்கள், ஈரம் அவ்வளவாகப் பாதிக்காது. விலை மிக அதிகம். வீட்டுக்குள் பதிவு செய்யும் உங்களுக்கு என்டி1-உம் ஒரு டப்பா சிலிக்கா ஜெல்லும் போதும்.

கேள்வி: சூரமங்கலம். கல்லூரியில் படிக்கிறேன். யூஎஸ்பி மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம் என்கிறார்கள். உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான் தம்பி, நீ ஒருவன் மட்டும் பேசவோ பாடவோ போகிறாய் என்றால். நாளைக்கு நண்பன் கிடாரோடு வந்து உட்கார்ந்தால் இரண்டாவது மைக் வேண்டும், அங்கேதான் சிக்கல். ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்கைச் செருகினால் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரப்படி ஓடும், பாட்டு நீள நீள இரண்டு பதிவும் விலகும். எக்ஸ்எல்ஆர் மைக்கும் (மூன்று முள் ஒயரால் இன்டர்ஃபேஸில் செருகுவது) இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, மைக் மாற்றினாலும் அதே இன்டர்ஃபேஸ் பயன்படும். இப்போது கையில் பணம் குறைவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், நான் மேலே சொன்ன ஐந்தாம் தலைமுறை என்டி1-இல் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டுமே இருக்கிறது. அதில் யூஎஸ்பி வழியாக 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்யலாம், அதற்கு மென்பொருளையும் அப்படி அமைக்க வேண்டும். கெயின் தப்பாகி உச்சத்தில் முட்டினாலும் பிறகு குறைத்து மீட்டுவிடலாம். எதை வாங்கினாலும் பாடும்போது ஹெட்ஃபோனில் உன் குரல் தாமதம் இல்லாமல் நேராகக் கேட்க வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தாமதமாகக் கேட்டால் தாளம் தட்டிப் பாட முடியாது.

அப்புறம், மைக்கின் உச்சியில் வாய் வைத்துப் பாடாதே. இந்த வகை பெரிய கண்டன்சர்கள் பக்கவாட்டில்தான் கேட்கும். ஏடி2020, ஏடி2035 என்றால் நிறுவனத்தின் முத்திரை உள்ள பக்கம் முன்பக்கம், என்டி1 என்றால் உடலில் தங்க நிறப் புள்ளி உள்ள பக்கம்.

கேள்வி: கன்னங்குறிச்சியில் நாதஸ்வரமும் தவிலும் சொல்லிக் கொடுக்கிறோம். கண்டன்சரில் எடுத்தால் ஒலி கிழிகிறது. இவ்வளவு சத்தத்தை அந்த மைக் தாங்காதா?

பதில்: தாங்கும் ஐயா. ஏடி2020 144 டெசிபல் வரை தாங்கும், எந்த நாதஸ்வரமும் அங்கே போகாது. கிழிவது பெரும்பாலும் மைக்கில் இல்லை, அடுத்து இருக்கும் இன்டர்ஃபேஸின் உள்ளீட்டில். கெயினை முழுக்க இறக்கியும் சிவப்பு விளக்கு எரிந்தால், மைக்கிலேயே 10 டெசிபல் குறைக்கும் பேட் சுவிட்ச் வேண்டும். ஏடி2035-இல் அது உண்டு.

ஆனால் உங்கள் குறை அதோடு தீராது, மைக்கை அணசுக்கு (நாதஸ்வரத்தின் அகன்ற வாய்க்கு) நேராக நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாதஸ்வரத்தின் நாதம் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் வைக்கும் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் வருகிறது. அணசுக்கு எதிரே வைத்தால் சில ஸ்வரம் பாயும், சில ஸ்வரம் பதுங்கும், நீங்கள் இழைத்து இழைத்து வாசிக்கும் கமகம் பதிவில் படிக்கட்டாக விழும். ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, துளைகளின் நடுப்பகுதியை நோக்கி, கொஞ்சம் உயரத்திலிருந்து பார்க்கும்படி வையுங்கள். அவ்வளவு தள்ளி வைத்தால் அறையும் சேர்ந்து ஒலிக்கும், சின்ன கான்கிரீட் அறையில் காது கூசும். அதற்குத் திறந்த திண்ணையோ மொட்டை மாடியோ எவ்வளவோ மேல், காற்றுக்குப் பஞ்சு உறை மட்டும் போடுங்கள்.

தவிலுக்குச் சிறிய சவ்வு உள்ள பென்சில் மைக்குகளையே சிபாரிசு செய்வேன். வலந்தலையில் (தவிலின் வலது முகத்தில்) கூடு போட்ட விரல் விழும் அந்தக் கணத்தை அவை கூர்மையாகப் பிடிக்கும், பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியையும் நிறம் மாற்றாமல் எடுக்கும். ரோடு என்டி5 ஜோடியாகவே கிடைக்கிறது, ஒன்று வலந்தலைக்கு, ஒன்று தொப்பிக்கு (இடது முகத்துக்கு). இரண்டையும் இரண்டு தடமாக எடுத்து வைத்தால் பிள்ளைகள் வலது கையைத் தனியாக, தொப்பியைத் தனியாகக் கேட்டுப் பழகலாம். சொல்லிக் கொடுப்பவருக்கு இது பெரிய வசதி.

கேள்வி: ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு இணையத்தில் "ஸ்டூடியோ கண்டன்சர்" என்று வருகிறதே, வாங்கலாமா? (செவ்வாய்பேட்டை)

பதில்: பார்க்கப் பெரிய மைக் மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் பட்டன் அளவு எலெக்ட்ரெட் காப்சூல். எலெக்ட்ரெட் மட்டமானது என்று நினைத்துவிடாதீர்கள். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் இருந்த வென்ட் 1916-இல் கண்டன்சர் மைக்கை உருவாக்கியபோது சவ்வுக்கு வெளியிலிருந்து அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டியிருந்தது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மின்னூட்டத்தைத் தானே நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் சவ்வால் மைக் செய்தார்கள், கண்டன்சர் எளியவர் கைக்கு வந்தது அதனால்தான். ஏடி2020-உம் அந்த வழியில் வந்ததே. நான் வேண்டாம் என்பது அந்த மலிவு மைக்கோடு வரும் 3.5 மி.மீ. ஒயரை. அதை லேப்டாப் ஹெட்ஃபோன் துளையில் செருகினால் 48 வோல்ட் கிடைக்காது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்து ஏடி2020 வாங்குங்கள். அதுவரை கைப்பேசியை மெத்தைக்கு முன்னால் 20 செ.மீ.யில் நிறுத்திப் பதிவு செய்யுங்கள், அந்த மலிவு மைக்கைவிட நன்றாகவே வரும்.

கேள்வி: சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படிப் பாடுவது? (அஸ்தம்பட்டி)

பதில்: முடியாது, அதனால் விடியற்காலை 5 மணிக்குப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். பகலில்தான் முடியும் என்றால் முதலில் அறையைக் குளிர வைத்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஒரு சரணம் பாடி, மறுபடி ஃபேன் போட்டு ஓய்வெடுங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் பாடாமல் சில விநாடி அறையின் அமைதியையும் பதிவு செய்துகொண்டால் பிறகு ஒட்டுவது எளிது. ஃபேன் சத்தத்தை மென்பொருளில் நீக்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், கார்வையின் (நீட்டிப் பாடும் ஸ்வரத்தின்) வாலும் அதோடு சேர்ந்து போய்விடும்.

கேள்வி: பேண்டம் பவர் போட்டபடியே டைனமிக் மைக்கைச் செருகினால் எரிந்துவிடுமா? (ஓமலூர்)

பதில்: ஒயர் சரியாக இருந்தால் டைனமிக்குக்கு ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக்குக்கு (மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிக்கும் வகை) மட்டும் ஆபத்து உண்டு. எந்த மைக்காக இருந்தாலும் 48 வோல்ட்டை அணைத்து, ஒலியைக் குறைத்து, அப்புறம் செருகுவதும் உருவுவதும் நல்லது. இல்லாவிட்டால் "டப்" என்று வரும் சத்தம் ஹெட்ஃபோன் போட்டிருப்பவர் காதைப் பதம் பார்க்கும்.